ஜாக் சார்ல்டனின் அயர்லாந்து ஏன் அப்படி ஆடியது?

பதின்ம அணி:

வணக்கம். எங்கள் ஊர்ப் பள்ளியில் 15 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்குக் கால்பந்துப் பயிற்சி கொடுக்கிறேன். தடுப்பாட்டக்காரராக ஆடிவிட்டுப் பின்னர் மேலாளரான இங்கிலாந்துக்காரர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஜாக் சார்ல்டனிடம் வந்து நின்றுவிட்டேன். 1990 உலகக் கோப்பையில் அவருடைய அயர்லாந்து அணி ஐந்து ஆட்டங்களில் அடித்தது இரண்டே கோல். பெனால்டியில் ருமேனியாவைத் தாண்டியதைத் தவிர ஓர் ஆட்டத்திலும் வெற்றி இல்லை. அப்படியும் காலிறுதி வரை போனார்கள். டப்ளின் திரும்பியபோது லட்சக்கணக்கான மக்கள் தெருவில் திரண்டு வரவேற்றார்கள்.

பழைய காணொளிகளைப் பார்த்தால் பந்து பெரும்பாலும் வானத்திலேயே இருக்கிறது. இதற்குப் பின்னால் ஏதாவது திட்டம் இருந்ததா? லீட்ஸ் அணியில் அவர் ஆடிய காலத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? விளையாடி அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய ஸ்டாப்பர்:

தம்பி, முழுக்க முழுக்கத் திட்டம்தான். நானும் ஸ்டாப்பராக, அதாவது நடுத் தடுப்பாட்டக்காரராக, ஆடியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். முன்னாலிருந்து வருகிற பந்து எவ்வளவு உயரமாக வந்தாலும் ஸ்டாப்பர் கவலைப்பட மாட்டான். ஏறி முட்டி அனுப்பிவிடுவான். தலைக்கு மேலே போய் மூலைக்கொடிப் பக்கம் விழுகிற பந்துதான் அவனைக் கொல்லும். தன் கோலைப் பார்த்தபடி ஓட வேண்டும். பின்னால் ஒருவன் துரத்தி வருகிறான் என்பது காலடிச் சத்தத்தில் தெரியும்; எந்தப் பக்கம் வருகிறான் என்பது தெரியாது. அந்த இடத்தில் இருபது ஆண்டு நின்ற மனிதர் மேலாளரானதும், தான் எதை வெறுத்தாரோ அதையே எதிரணிக்கு ஆட்டம் முழுவதும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

அவர் வந்த வழியைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். 1935இல் நார்தம்பர்லாந்தின் ஆஷிங்டன் என்ற நிலக்கரி ஊரில் பிறந்தார். அப்பா சுரங்கத் தொழிலாளி. அம்மா சிஸ்ஸி, மில்பர்ன் குடும்பத்துப் பெண். தாய்மாமன்கள் நால்வரும் தொழில்முறைக் கால்பந்து ஆடியவர்கள். நியூகாசிலின் நாயகன் ஜாக்கி மில்பர்ன் அம்மாவுக்குச் சித்தப்பா, பெரியப்பா வழி உறவு. தம்பி பாபியின் கால்களில் இருந்த கலை ஊருக்கே தெரியும். ஜாக்கை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. சில காலம் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தார், பிடிக்கவில்லை. காவல் துறைக்கு விண்ணப்பித்தார். நேர்முகத் தேர்வும் லீட்ஸ் அணியின் சோதனை ஆட்டமும் ஒரே நேரத்தில் வந்தன. அவர் ஆட்டத்துக்குப் போனார். 1953இல் தொடங்கி 1973 வரை லீட்ஸுக்காக 773 ஆட்டங்கள். அந்த எண்ணை அங்கே இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

முதல் எட்டு ஆண்டுகளில் அவர் சண்டைக்காரர், பிடிவாதக்காரர் என்றுதான் பெயர் வாங்கியிருந்தார். 1961இல் டான் ரெவி மேலாளரான பிறகே ஆட்டத்தில் ஒழுங்கு வந்தது. ஆனால் அதற்கு முன்பே லில்லெஷால் விளையாட்டு மையத்துக்குப் போய்ப் பயிற்சியாளர் வகுப்புகளில் உட்கார்ந்தவர் அவர். இதைப் பலர் கவனிப்பதில்லை. தனக்குத் தம்பியின் திறமை இல்லை என்று தெரிந்தவர், ஆட்டத்தைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டார். கார்னர் அடிக்கும்போது எதிரணிக் கோல்கீப்பருக்கு முன்னால் கோல் கோட்டிலேயே போய் நிற்கும் உத்தியை லீட்ஸ் பயன்படுத்தியதே, அங்கே நின்ற நெடிய உருவம் இவர்தான். கோல்கீப்பருக்கு எது தொந்தரவு என்று யோசித்துக் கண்டுபிடித்த உத்தி அது. அதே மூளைதான் பிறகு அயர்லாந்தை நடத்தியது.

இங்கிலாந்து அணிக்கு அவரை எடுத்தபோது 30 வயது ஆகப் போகிறது. 1965 ஏப்ரலில் ஸ்காட்லாந்துக்கு எதிராக முதல் ஆட்டம். ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று இங்கிலாந்து மேலாளர் ஆல்ஃப் ராம்சேயிடம் கேட்டதாகவும், மனத்தில் ஓர் ஆட்ட வடிவம் இருக்கிறது, அதற்குப் பொருந்துகிறவர்களைத்தான் எடுக்கிறேன், எப்போதும் மிகச் சிறந்தவர்களையே எடுப்பதில்லை என்று ராம்சே பதில் சொன்னதாகவும் சார்ல்டன் பல முறை சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டே உலகக் கோப்பை கையில். வேறு யாராக இருந்தாலும் அந்தப் பதிலில் புண்பட்டிருப்பார்கள். இவர் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டார். முதலில் வடிவம், பிறகு ஆள்.

மேலாளராக முதல் வேலை மிடில்ஸ்பரோவில். 1973-74இல் இரண்டாம் டிவிஷனை 65 புள்ளிகளோடு வென்றார். இரண்டாவதாக வந்த லூட்டனுக்கு 50. வெற்றிக்கு இரண்டு புள்ளி மட்டும் கொடுத்த காலத்தில் 15 புள்ளி இடைவெளி! 42 ஆட்டங்களில் வாங்கியது 30 கோல். கிரேம் சூனஸ் நடுக்களத்தின் தலைவனாக வளர்ந்தது அங்கேதான். பிறகு ஷெஃபீல்ட் வென்ஸ்டேவை மூன்றாம் டிவிஷனிலிருந்து தூக்கிவிட்டார். நியூகாசிலில் ஒரே பருவம். 1977இல் இங்கிலாந்து அணி மேலாளர் பதவிக்கு விண்ணப்பித்தார். பதில் கடிதம்கூட வரவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதில் உண்டு. உலகக் கோப்பை வென்றுகொடுத்த ஆளுக்கு ஒரு வரி எழுதத் தெரியாதா?

1986 பிப்ரவரியில் அயர்லாந்து அழைத்தது. மற்றது உங்களுக்குத் தெரியும்.

நடுக்களம்:

ஐயா எழுதியதை மதிப்போடு படித்தேன், ஆனால் ஒரு பக்கம்தான் எழுதியிருக்கிறார். அந்த வடிவத்துக்குள் யாரையெல்லாம் நசுக்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். லியம் பிரேடி அயர்லாந்து கண்ட மிக அழகான ஆட்டக்காரர்களில் ஒருவர்; யுவென்டஸில் ஆடி இரண்டு முறை இத்தாலிய லீக் வென்றவர். 1989 செப்டம்பரில் டப்ளினில் மேற்கு ஜெர்மனியோடு நட்பு ஆட்டம். இடைவேளை வருவதற்கு முன்பே அவரைச் சொந்த மக்கள் முன்னால் வெளியே அழைத்தார் சார்ல்டன். பிரேடியின் சர்வதேச வாழ்க்கை ஏறக்குறைய அதோடு முடிந்தது. இடைவேளை வரை சில நிமிடம் பொறுத்திருக்க முடியாதா?

ஆர்சனலின் டேவிட் ஓலியரி பந்தைக் காலில் வைத்து ஆடுகிற தடுப்பாட்டக்காரர். 1986இல் ஐஸ்லாந்து பயணத்துக்கு முதலில் அவரை விட்டுவிட்டார்கள். பிறகு அழைத்தபோது அவர் விடுமுறைத் திட்டத்தை மாற்ற மறுத்தார். அதற்கு இரண்டு ஆண்டுக்கு மேல் வனவாசம். 1988 ஐரோப்பியப் போட்டி முழுவதும் போய்விட்டது. வீலன், ஹாட்டன், ஷீடி, ஆல்ட்ரிட்ஜ் எல்லாம் இங்கிலாந்தின் சிறந்த அணிகளில் பந்தைக் கைமாற்றி ஆடிப் பழகியவர்கள். அவர்களை வைத்துக்கொண்டு நெடும்பந்து அடித்தது எனக்கு வீணடிப்பாகத்தான் தெரிகிறது. 1990இல் எகிப்தோடு 0-0 ஆன ஆட்டத்தை முழுதாக உட்கார்ந்து பாருங்கள், பிறகு பேசுவோம்.

பழைய ஸ்டாப்பர்:

நண்பரே, பிரேடி விஷயம் எனக்கும் வலிக்கிறது. அந்த மாற்றத்தை நியாயப்படுத்த மாட்டேன். ஓலியரியையும் அவ்வளவு காலம் வெளியே வைத்தது தேவையற்றது. 1990இல் ருமேனியாவுக்கு எதிராக நம் கோல்கீப்பர் பாக்கி பானர் டிமோஃப்டேயின் பெனால்டியைத் தடுத்த பிறகு, கடைசிப் பந்தை அடித்து அணியைக் காலிறுதிக்குக் கொண்டுபோனவர் அதே ஓலியரிதான்.

ஆனால் வீணடிப்பு என்பதை ஏற்க மாட்டேன். சார்ல்டன் வருவதற்கு முன்பு அயர்லாந்து எந்தப் பெரிய போட்டியின் இறுதிச் சுற்றுக்கும் போனதில்லை. பிரேடி உச்சத்தில் இருந்த 1982 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில்கூட கோல் வித்தியாசத்தில் பிரான்ஸுக்குப் பின்னால் நின்றுவிட்டது. தேசிய அணி மேலாளருக்கு வீரர்கள் கிடைப்பது ஆட்டத்துக்கு முன்னால் சில நாள்தான். அதற்குள் பத்து கிளப்களிலிருந்து வந்தவர்களை ஒரே மாதிரி யோசிக்க வைக்க வேண்டும். அந்த நேரத்தில் கற்றுக்கொடுக்கக்கூடியதை அவர் கற்றுக்கொடுத்தார். 1988, 1990, 1994 என்று மூன்று போட்டிகளுக்குப் போனார்கள். 1992க்கான தகுதிச் சுற்றில் ஒரு தோல்விகூட இல்லாமல் வெளியே நின்றார்கள்.

1988இல் அதிர்ஷ்டமும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. சோஃபியாவில் ஸ்காட்லாந்தின் கேரி மக்கே கடைசிக் கட்டத்தில் பல்கேரியாவுக்கு எதிராக அடித்த கோல்தான் அயர்லாந்தை உள்ளே அனுப்பியது. ஜூன் 12, ஸ்டுட்கார்ட்டில் இங்கிலாந்தைச் சந்தித்தார்கள். ஆறாவது நிமிடம் கோல். அது எப்படி வந்தது என்று பாருங்கள்: பந்து இங்கிலாந்தின் பெட்டிக்குள் வருகிறது, கென்னி சான்சம் அதைச் சரியாக அடிக்க முடியாமல் வானத்துக்கு அனுப்புகிறார், ஆல்ட்ரிட்ஜ் தலையால் தட்டிவிட, ரே ஹாட்டன் கோல்கீப்பர் ஷில்டனைத் தாண்டி முட்டுகிறார். 1-0. மீதி நேரம் முழுவதும் பானர் தடுத்தார்.

அடுத்து 1990, பலெர்மோவில் நெதர்லாந்துக்கு எதிராக நயல் க்வின் அடித்த கோல். பானர் காலால் ஓங்கி அடித்த பந்து. வான் ஆர்லே தன் கோலை நோக்கி ஓடி அவசரமாகக் கோல்கீப்பரிடம் திருப்பி விடுகிறார். வான் பிரூக்கெலன் நழுவவிட, க்வின் சறுக்கி உள்ளே தள்ளுகிறார். அப்போது நெதர்லாந்து ஐரோப்பியச் சாம்பியன். அணியில் குல்லிட், வான் பாஸ்டன், ரைக்கார்ட், கூமான். அத்தனை பேர் இருந்தும், ஒரு தடுப்பாட்டக்காரரைத் திரும்பி ஓட வைத்ததால் கோல் விழுந்தது. இதைத்தான் முதல் பதிவில் சொன்னேன்.

எகிப்து ஆட்டத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. எதிரணி வெளியே வராமல் உட்கார்ந்துவிட்டால் இந்த முறைக்கு மருந்து கிடையாது. 1994இல் ஆர்லண்டோவின் நண்பகல் வெயிலில் மெக்சிகோவோடு ஆடியபோது துரத்தவே கால் வரவில்லை, 2-1 தோல்வி. வீரர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்காக சார்ல்டன் அதிகாரிகளோடு மல்லுக்கு நின்றார், அடுத்த ஆட்டத்துக்குக் கோட்டருகே நிற்கத் தடையும் வாங்கினார். தன் ஆட்களுக்காகத் தண்டனை வாங்கிய அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.

கார்க்கிலிருந்து:

வேலை நிமித்தம் அயர்லாந்தில் இருக்கிறேன். ஆட்ட நுணுக்கம் எனக்கு அவ்வளவு தெரியாது. இங்குள்ளவர்கள் அவரைப் பற்றிப் பேசும் விதத்தை மட்டும் சொல்கிறேன். கார்க் விமான நிலையத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. கால்பந்தோடு அல்ல, தூண்டிலும் சால்மன் மீனுமாக உட்கார்ந்திருக்கிறார். மேயோ மாவட்டத்தில் மாய் ஆற்றில் மீன் பிடிக்க ஆண்டுதோறும் வருவார். மதுக்கடையில் அவர் எழுதிக் கொடுத்த காசோலைகளை வங்கியில் போடாமல் கடைக்காரர்கள் சட்டம் போட்டு மாட்டிவைத்தார்கள் என்று வயதானவர்கள் சொல்வார்கள்.

அவர் அணியில் அயர்லாந்தில் பிறக்காதவர்கள் பலர். ஹாட்டன் கிளாஸ்கோவில் பிறந்தவர், ஆல்ட்ரிட்ஜ் லிவர்பூல்காரர். தாய், தந்தை, பாட்டி வழியில் தகுதி பெற்றவர்கள். அதைக் குறை சொன்னவர்களும் உண்டு. என் அலுவலகத்தில் ஒரு பெரியவர், வேலை தேடிக் கடல் கடந்தவர்களின் பிள்ளைகள் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள் என்றுதான் அதைப் பார்க்கிறார். இங்கிலாந்துக்காரர் ஒருவர், அதுவும் 1966இல் இங்கிலாந்தின் சிங்கச் சின்னச் சட்டையில் உலகக் கோப்பை வென்றவர், இந்த நாட்டின் கௌரவக் குடிமகன் ஆனார், 1996இல். இரு நாட்டு வரலாறு தெரிந்தவர்களுக்கு அதன் எடை புரியும். 2020 ஜூலை 10 அன்று அவர் இறந்தபோது இங்கே சொந்த வீட்டுத் துக்கமாகத்தான் இருந்தது.

பதின்ம அணி:

எல்லோருக்கும் நன்றி. ஐயா, இந்த முறையை என் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கலாமா? எந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டினால் நல்லது?

பழைய ஸ்டாப்பர்:

அப்படியே எடுக்க வேண்டாம், தம்பி. 15 வயதில் பந்தைக் காலில் வைத்துப் பழக வேண்டும். அந்த வயதில் வானத்துக்கு அடிக்கச் சொன்னால் பையன்களுக்கு நாம் செய்யும் துரோகம். 1992இல் விதியும் மாறிவிட்டது. காலால் திருப்பிக் கொடுத்த பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுக்க முடியாது. அதனால் எதிரணித் தடுப்பாட்டக்காரரைத் தன் கோல் பக்கம் திருப்பிவிட்டுக் கூட்டமாகத் துரத்துவது முன்னைவிட அதிகப் பலன் தரும். அந்தத் துரத்தலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் மட்டும் ஓடினால் பயனில்லை; முன்னால் இருக்கிறவன் கிளம்பும்போது பின்னால் இருவர் சேர்ந்து நகர வேண்டும்.

காட்ட வேண்டிய ஆட்டம் 1994 ஜூன் 18, நியூயார்க்கை ஒட்டிய ஜயண்ட்ஸ் மைதானம், இத்தாலிக்கு எதிராக 1-0. பதினோராவது நிமிடம் வரை நிறுத்தாமல் போடுங்கள். நெடும்பந்தை இத்தாலியர்கள் முழுதாக விலக்க முடியாமல் முட்டிவிட, ஹாட்டன் அதை மார்பில் ஏந்தி, முன்னேறி நின்ற கோல்கீப்பர் பாலியுகாவின் தலைக்கு மேலே இடது காலால் அனுப்புவார். அதற்குப் பிறகு பந்தை விட்டுவிட்டு அயர்லாந்தின் ஸ்டாப்பர் பால் மெக்ராத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோன மனிதர், இத்தாலியின் நட்சத்திர முன்வரிசைக்காரர் ராபர்டோ பாஜியோவைக் கடைசி வரை அடக்கி வைத்தார். உங்கள் அணியின் ஸ்டாப்பர் பையனை முன்வரிசையில் உட்கார வையுங்கள். பாஜியோவிடம் பந்து வருவதற்கு முன்பே மெக்ராத் எத்தனை அடி நகர்ந்திருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் அவனையே சொல்லச் சொல்லுங்கள்.