அண்மையில் வாசித்ததில் உங்களை விடாமல் பின்தொடர்வது எது? விளையாட்டு, சினிமா, பழைய நாட்கள்

கோண்டாவில்:
போன கிழமை, இலங்கை வென்ற 1996 உலகக் கிண்ண இறுதியாட்டம் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வாசித்தேன். பழைய கிரிக்கெற் பிடித்தவர்கள் அந்த ஆட்டத்தைப் பற்றி எது கிடைத்தாலும் வாசியுங்கள். எனக்கு ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. அவுஸ்திரேலிய வீரர் மக்ராத்தின் பந்தை எங்கள் தலைவர் ரணதுங்க தேர்ட் மான் பக்கம் தட்டிவிட, நான்கு ஓட்டம், ஆட்டம் முடிந்தது. இத்தனை வருடமாக எனக்குத் தெரியாத பந்து அது.

இடம்பெயர்ந்து மட்டுவிலில் இருந்தோம். மின்சாரமும் இல்லை, பெற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் ரேடியோ பேசும், தெரியும்தானே. என் முறை வந்தபோது அரவிந்த சதம் தாண்டிவிட்டார். கை சோர்ந்தது, குரல் அமுங்கிவிட்டது. “சுத்தடா, சுத்தடா!” என்றார் பெரியப்பா. திரும்ப வேகம் பிடித்தபோது லாகூரில் ஒரே ஆரவாரம். வென்றுவிட்டோம். பெரியப்பா ஏசவில்லை. பேசாமல் சைக்கிளை நிமிர்த்தி வைத்தார். அந்தப் பந்தைக் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இணுவில்:
“வென்றுவிட்டோம்” என்கிறீர்கள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, அம்மம்மாவின் கையை விடாமல் செம்மணி வெளியால் நடந்தவன் நான். அது நடந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1996 பற்றி நான் வாசித்த எல்லாமே கொழும்புத் தெருக் கொண்டாட்டத்தோடு நின்றுவிடுகின்றன. அந்த அணியில் முரளி ஆடினார் என்பதற்காக அண்ணா மட்டும் வேலியோரம் நின்று பக்கத்து வளவு ரேடியோவைக் கேட்டார். உள்ளே வந்தவர் முடிவைச் சொல்லவில்லை. அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “வெண்டிட்டாங்களோ?” என்று மெதுவாகக் கேட்டார். அண்ணா தலையாட்டினார், அவ்வளவுதான். அந்தத் தலையாட்டலை யாராவது எழுதினால் நான் வாசிப்பேன்.

சுன்னாகம்:
எதிர்வீரசிங்கம் பற்றி வாசியுங்கள். 1958, ரோக்கியோ, உயரம் பாய்தல். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம், யாழ் மத்திய கல்லூரியில் படித்தவர் வென்றது. அப்பா கதவு நிலையின் மேல்சட்டத்தைத் தொட்டு, “இந்தளவு உயரம் பாய்ஞ்சவன், எங்கட பெடியன்” என்பார். புளுகு என்று சிரித்திருக்கிறேன். இப்போது அந்தக் கதவால் போகும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறேன்.

திருநெல்வேலி:
நல்லூர்த் திருவிழாவில் வாங்கிய கச்சான் சரையைப் பிரித்தால், உள்ளே பழைய சஞ்சிகைத் தாள், அதில் யாழ்ப்பாண வின்சர் தியேட்டர் விளம்பரம்! கச்சான் முழுவதும் மடியில் கொட்டிப்போனது.

சரி, இதைச் சொல்லத்தான் வந்தேன். பழைய சஞ்சிகை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து லமினேற் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். மாரி காலத்தில் சீமெந்துத் தரையில் அடுக்க வேண்டாம், ஈரம் ஏறும். காய்ந்த வேப்பமிலை போட்டு, மாதமொரு தரம் தட்டிப் பாருங்கள். படம் எடுப்பதென்றால் நேர் வெயில் வேண்டாம், யன்னலோர வெளிச்சம் போதும். எடுத்ததை ‘நூலகம்’ இணையத்தளத்துக்குக் கொடுங்கள். 2005 முதல் எங்கள் சஞ்சிகைகளைச் சேர்த்துவருகிறார்கள். 1981இல் யாழ் நூலகத்தோடு எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும். வீட்டில் மிஞ்சியதையாவது கறையானுக்கு விடாதீர்கள்.

சுன்னாகம் தம்பி, அப்பா வெட்டி வைத்த பேப்பர் ஏதும் இருந்தால் முதலில் குண்டூசிகளைக் கழற்றுங்கள். துரு பிடித்திருக்கும்.