ஆங்கிலத்தில் "தட்" (that) எங்கே விடலாம், எங்கே விடக் கூடாது? ஆசிரியர்கள் உதவுங்கள்

வணக்கம். ரங்கூனில் என் வீட்டு முன்னறையில் எட்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம் பேசும் பிள்ளைகள்.

வினைச்சொல்லோடு வரும் "தட்" சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. "வருவேன் என்று சொன்னான்" என்பதில் "என்று" நிற்கும் இடத்தில்தான் பர்மியத்தில் "லோ" வருகிறது. ஆங்கிலத்தில் அது முன்னால் போய்விடும். "ஐ திங்க் ஹி வில் கம்" என்று அதை விட்டுவிட்டாலும் பேச்சில் குறையில்லை.

பெயர்ச்சொல்லில்தான் மாட்டிக்கொண்டேன். நேற்று ஒரு சிறுமி "தி நியூஸ் ஹி கேம் இஸ் ட்ரூ" என்று எழுதியிருந்தாள். நடுவில் "தட்" சேர்த்துத் திருத்தினேன். "அப்புறம் 'ஐ ஹேவ் எ ஃபீலிங் ஹி வில் கம்' மட்டும் எப்படிச் சரி, டீச்சர்?" என்றாள். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் வரவில்லை.

இன்னொன்று. "தி நியூஸ் தட் ஹி ப்ராட்" என்றால் அவர் கொண்டுவந்த செய்தி. "தி நியூஸ் தட் ஹி கேம்" என்றால் அவர் வந்தார் என்ற செய்தி. தமிழில் "என்ற" வந்து பிரித்துக் காட்டுகிறது, பர்மியத்தில் "ஸோடே" அதே வேலையைச் செய்கிறது. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ஒரே "தட்". இதைப் பலகையில் எழுதிக் காட்டியதும் பிள்ளைகள் தெளிந்தார்கள்.

ஆனால் ஃபீலிங், டவுட் போல எந்தெந்தப் பெயர்ச்சொற்களுக்குப் பின் "தட்" பேச்சில் உதிர்கிறது? ஃபேக்ட், நியூஸ் பின்னால் ஏன் பெரும்பாலும் உதிர்வதில்லை? பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்லிக்கொடுத்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள். சனிக்கிழமை அந்தச் சிறுமிக்குப் பதில் சொல்ல வேண்டும்.