புதுப்பிப்பு: அப்பப்பாவின் ரேசர்

2008இல் இடம்பெயர முன் மாங்குளத்து வளவில் புதைத்த தகரப்பெட்டிக்குள் அப்பப்பாவின் ரேசர் (மேல்மூடி, அடித்தட்டு, பிடி என்று மூன்று துண்டாகக் கழலுவது) பச்சைக் களிம்போடு கிடைத்தது, காப்பாற்றலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். காப்பாற்றியாச்சு, முக்கால்வாசி.

பதில் போட்ட சிலர் வினாகிரியில் இரவு முழுக்க ஊறவிடச் சொன்னார்கள். பயத்தில் ரேசரைத் தலைகீழாக, மேல்மூடி மட்டும் நனைய, தேசிக்காய்ப் புளியில் ஒரு மணித்தியாலம் விட்டேன். களிம்பு போனது. கூடவே, ஏற்கெனவே வெடித்திருந்த நிக்கல் பூச்சும் ஓரத்தில் உரிந்து, அடியிலிருந்த பித்தளை செம்பு மாதிரிச் சிவந்துவிட்டது. புளிப்பு பித்தளையிலுள்ள துத்தநாகத்தைத் தின்னும், செம்பு மிஞ்சும். இரவு முழுக்க விட்டிருந்தால்? நினைக்கவே வேண்டாம்.

மிச்சத்துக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர், சவர்க்காரம், பழைய பல் பிரஷ்தான். பிடியின் கோடுகளுக்குள் இறுகியிருந்ததை ஈர்க்கால் கிண்டினேன். மேல்மூடியைப் பிடியோடு பூட்டுகிற மரை அசையவே இல்லை. தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விட்டு இரண்டு நாள் வைத்தேன், கழன்றது.

கடையில் விற்கிற இரட்டைமுனை பிளேட் அப்படியே பொருந்துகிறது. நேற்று முதல் சவரம், நாடியில் ஒரு வெட்டு. அப்பா பார்த்துவிட்டுச் சொன்னார்: "அமத்தாதை தம்பி, அதின்ரை பாரமே காணும்."