பெரிய வீடு குரூப்: தீபாவளி ஏற்பாடு

ராஜி அத்தை: எல்லாரும் வியாழக்கிழமை ராத்திரியே வந்துடுங்க. வெள்ளி விடியக்காலம் நாலு மணிக்கு எண்ணெய் வைக்க ஆரம்பிச்சுடலாம்.

மீனா: அத்தை, எங்க மனநல வார்டுல பண்டிகை முடிஞ்ச வாரம் பாக்குறதை வச்சுச் சொல்றேன். முதல்ல கெடுறது தூக்கம், அதுக்கப்புறம்தான் மனசு. பன்னெண்டு வரைக்கும் பேசிட்டு நாலு மணிக்கு எழுந்தா நாலு மணி நேரத் தூக்கம். பைபோலார், அதாவது மனநிலை ரொம்ப ஏறி இறங்குற நோய் இருக்கிறவங்களுக்கு இப்படி ரெண்டு ராத்திரி போனாலே மேனியா, அந்த அளவுமீறின எழுச்சி, கிளம்பலாம். மூணு மணி நேரம்தான் தூங்கியிருப்பாங்க, ஆனா களைப்பே தெரியாது. பேச்சு வேகமாகும், கையில இருக்கிற காசெல்லாம் கரையும். நாம "பண்டிகை குஷி"ன்னு விட்டுடுவோம்.

ராஜி அத்தை: அப்ப குளியலை என்ன பண்றது?

மீனா: சூரியன் உதிக்க ஆறு மணி ஆகுது. அஞ்சரைக்குக் குளிச்சாலும் கங்கா ஸ்நானம்தான். மனசுக்கு ராத்திரி மாத்திரை போடுறவங்களைக் கடைசி வரிசையில வைங்க. இன்னொன்னு, அந்த மாத்திரைகள்ல பலதுக்கு விடியக்காலத்துல சட்டுன்னு எழுந்தா பிரஷர் இறங்கித் தலை சுத்தும். சுடுதண்ணி அதை இன்னும் இறக்கும். தரையில எண்ணெய் வேற. கட்டில் ஓரத்துல ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டு எழுந்திரிக்கணும். பாத்ரூம்ல ஒரு ஸ்டூல் போடுங்க, உக்காந்தே குளிக்கட்டும்.

செல்வம் மாமா: மருந்துக்கடைக்காரனா நானும் சொல்றேன். தீபாவளி அன்னிக்கு ஊர்ல முக்கால்வாசி கடை மூடியிருக்கும். தங்குற நாளைவிட அஞ்சு நாள் மாத்திரை கூடுதலா கொண்டு வாங்க. டப்பாவுல உதிரியா போடாம அட்டையோட, கைப்பையில. பஸ் டிக்கியில போற பெட்டியில வேண்டாம். டாக்டர் சீட்டைப் போட்டோ எடுத்து போன்ல வச்சுக்குங்க.

கார்த்தி: ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா மாமா?

செல்வம் மாமா: அதே நாள்ல ஞாபகம் வந்தா போடலாம். அடுத்த வேளை நெருங்கிடுச்சுன்னா விட்டுடணும், ரெண்டாச் சேர்த்துப் போடக் கூடாது. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற வென்லாஃபாக்சின், பராக்சிடின் ரெண்டும் ஓரிரு நாள் விட்டாலே காட்டிடும். கிறுகிறுப்பு, தலைக்குள்ள ஷாக் அடிச்ச மாதிரி வெட்டு, காரணமில்லாத எரிச்சல். பயணக் களைப்புன்னு நினைச்சுக்குவாங்க. பைபோலாருக்கு லித்தியம் போடுறவங்க ரொம்பக் கவனம். பலகாரம் ஒத்துக்காம வாந்தி, பேதின்னு போய் உடம்புல தண்ணி குறைஞ்சா ரத்தத்துல மருந்து அளவு ஏறிடும். கை நடுக்கம், நடையில தள்ளாட்டம், குழறல் வந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி. முதுகுவலிக்கு டைக்ளோஃபினாக், புரூஃபென்னு பக்கத்து வீட்டுல வாங்கிப் போட்டுடாதீங்க, அதுவும் லித்தியத்தை ஏத்தும்.

செல்வம் மாமா: மொட்டைமாடி கோஷ்டிக்கும் ஒன்னு. பதட்டத்துக்குக் கொடுக்கிற குளோனசெபாம், அல்பிரசோலம் போட்டுட்டு மது தொட்டா மூச்சே அடங்கிப் போகலாம்.

மீனா: யாருக்கு என்ன மாத்திரைன்னு குரூப்ல யாரும் போட வேண்டாம். எனக்குத் தனியா அனுப்புங்க.

அமுதா சித்தி: அடுப்படியைப் பத்தியும் பேசுங்க. நாலு மணிக்கு அடுப்பு பத்த வைக்கிறவளே ராத்திரி பத்துக்குப் பாத்திரமும் தேய்க்கிறா. மூணாவது நாள் அவ அழுதா "இவளுக்கு என்ன குறை"ன்னு கேக்குறோம்.

ராஜி அத்தை: முறுக்கு, தட்டையை இங்க இருக்கிற நாங்க முந்தின வாரமே சுட்டு டின்ல அடைச்சுடுறோம். அதிரச மாவு மூணு நாள் முன்னாடியே பாகு ஊத்தி வச்சாத்தான் நல்லா வரும். காலையில இட்லி, வடை, சுழியம் மட்டும்.

அமுதா சித்தி: ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு ஆள் மாறணும் அக்கா. காலையில அடுப்புல நின்னவங்க மதியம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் கதவைச் சாத்திப் படுக்கணும். ராத்திரிப் பாத்திரம் ஆம்பளைங்க. கார்த்தி, உன் பேரை எழுதியாச்சு.

கார்த்தி: சரி சித்தி. "எப்ப கல்யாணம், வேலை என்னாச்சு"ன்னு ஆரம்பிப்பாங்களே, அதுக்கு?

மீனா: ஒரே வரியில பதில், உடனே நீ ஒரு கேள்வி. "முடிவானா சொல்றேன் பெரியப்பா, முட்டி வலி எப்படி இருக்கு?" விளக்கம் சொல்ல ஆரம்பிச்சா அடுத்த கேள்விக்கு இடம் கொடுத்த மாதிரி. ரெண்டாவது தடவையும் கேட்டா நிறுத்த வேண்டியது பெரியவங்க.

ராஜி அத்தை: அதை நான் பாத்துக்கிறேன்.

மீனா: கூட்டத்துல யாருக்காவது படபடப்பு வந்து மூச்சு வாங்கினா சுத்தி நின்னு விசிற வேண்டாம். ஒருத்தர் மட்டும் மாடி ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க. நாலு எண்ணி மூச்சு உள்ள, ஆறு எண்ணி வெளிய. அஞ்சு நிமிஷம் கூடவே உக்காந்து எண்ணுங்க. வழக்கமா பத்து நிமிஷத்துல உச்சத்துக்குப் போய் இறங்கிடும். இதுவரை வராதவங்களுக்கு நெஞ்சுவலியோட வந்தா மனசுன்னு முடிவு பண்ணாம 108 கூப்பிடுங்க.

அமுதா சித்தி: சத்தம் தாங்காத குழந்தைக்கும் தாத்தாவுக்கும்?

கார்த்தி: பட்டாசு வெடிக்க அரசு கொடுக்கிற நேரம் காலை 6-7, ராத்திரி 7-8. பத்து நிமிஷம் முன்னாடியே பின்கட்டு ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம் சித்தி. ஃபேன், டிவி ஓடட்டும். பஞ்சு பெருசா தடுக்காது, காதை முழுசா மூடுற ஹெட்போன் நான் வாங்கிட்டு வர்றேன்.

ராஜி அத்தை: வள்ளி வீட்டுல இந்த வருஷம் பண்டிகை இல்ல. வாழ்த்துப் படம் யாரும் அனுப்பிடாதீங்க. பலகாரம் கொடுத்துட்டு வாசல்லயே திரும்பாம அரை மணி நேரம் உக்காந்து, அவ வீட்டுக்காரரைப் பத்திப் பேர் சொல்லிப் பேசுங்க. எல்லாரும் அந்தப் பேரைத் தவிர்க்கிறதுதான் அவளுக்கு ரொம்ப வலிக்குது.

மீனா: அவங்களோ வேற யாரோ "இருந்து என்ன பண்ணப் போறேன்"னு சொன்னா பேச்சை மாத்தாதீங்க. "சாகணும்னு தோணுதா?"ன்னு நேராக் கேளுங்க. கேக்குறதால அந்த எண்ணம் வந்துடாது. ஆமான்னு சொன்னா தனியா விடாம எனக்குக் கூப்பிடுங்க. 14416 டெலிமானஸ், அரசோட மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசுவாங்க. எல்லார் போன்லயும் பதிஞ்சு வைங்க.

செல்வம் மாமா: மாட்டுக்கொட்டகையில பூச்சிமருந்து டப்பா ரெண்டு திறந்தே கிடக்கு. நாளைக்கே பெட்டியில போட்டுப் பூட்டிடுறேன்.