ஸ்பிளிண்ட் போட்டால் அழுகிறான், தொடரலாமா? சி.பி. (பெருமூளை வாதம்) குழந்தைகளின் பெற்றோர் சொல்லுங்கள்

திண்டுக்கல் அம்மா:
என் மகனுக்கு மூன்றரை வயது. 31 வாரத்திலேயே பிறந்துவிட்டான். ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா, அதாவது இரண்டு காலிலும் இறுக்கம் என்றார்கள். கையும் பேச்சும் நன்றாக இருக்கின்றன, இரண்டு வயதுக்கு முன்பே தானாக உட்கார்ந்துவிட்டான். இப்போது கட்டிலைப் பிடித்து நிற்பான், ஆனால் குதிகால் தரையில் படாது, அடி எடுத்து வைத்தால் முழங்கால்கள் கத்தரி மாதிரி ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். கணுக்காலையும் பாதத்தையும் நேராகப் பிடித்துவைக்கும் ஏ.எஃப்.ஓ ஸ்பிளிண்ட் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. போட்டாலே அழுகை, கழற்றினால் கணுக்காலில் சிவப்பாகத் தடம். மாமியார் "பிள்ளைய ஏன் வதைக்கிற, தானா நடப்பான்" என்கிறார். வாக்கர் வாங்கினால் அதையே பிடித்துக்கொள்வான் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். எதைக் கேட்பது என்றே தெரியவில்லை. என் பிள்ளை நடப்பானா?

மதுரை அப்பா:
சகோதரி, என் மகளுக்கு 11 வயது, இதே டைப்ளீஜியாதான். ஸ்பிளிண்டை விட்டுவிடாதீர்கள். ஆனால் அழுகைக்குக் காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடியுங்கள். கழற்றிய பிறகு தடம் இருபது முப்பது நிமிடத்தில் மறைந்தால் சரி, மறையாவிட்டால் செய்து கொடுத்தவரிடமே கொண்டுபோங்கள், அந்த இடத்தைச் சூடுகாட்டி அகலப்படுத்தித் தருவார்கள். போடும்போது பிள்ளையின் முழங்காலை நன்றாக மடக்கிக்கொள்ளுங்கள். மடக்கினால் கெண்டைச்சதை தளரும், குதிகால் பின்னால் போய் உட்காரும். உட்கார்ந்த பிறகுதான் கணுக்கால் பட்டை. நாங்கள் காலை நீட்டிவைத்துத் திணித்தே ஒரு வருடம் அவளை அழவைத்தோம், இன்றும் மனசு கேட்கவில்லை. அப்புறம், சி.பி. போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீடு எடுத்துவிட்டீர்களா? வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவுக்கும் உண்டு.

பிஸியோ, கோவை:
அம்மா, மூளையில் ஏற்பட்ட பாதிப்பு அதற்குமேல் வளராது. ஆனால் எலும்பு வளர்கிறது, இறுகிய சதை அதற்கு ஈடாக நீள்வதில்லை. அதனால்தான் சும்மா விட்டால் வயது ஏற ஏற குதிகால் இன்னும் தூக்கிக்கொள்ளும். பாட்டியிடம் இதைப் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டு வயதுக்குள் தானாக உட்கார்ந்தது நல்ல அறிகுறி, துணையோடோ இல்லாமலோ நடக்க வாய்ப்பு அதிகம். சி.பி. குழந்தை எந்த அளவுக்குத் தானாக உட்கார, நடக்க முடிகிறது என்று பார்க்க ஜி.எம்.எஃப்.சி.எஸ் என்று ஐந்து நிலை அளவு இருக்கிறது, 1997-இல் கனடாவில் உருவானது, அவன் எந்த நிலை என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வாக்கர் பிள்ளையைச் சோம்பேறி ஆக்காது. முன்னால் தள்ளும் வாக்கரைவிட, தனக்குப் பின்னால் வைத்துப் பிள்ளை இழுத்து வரும் வாக்கரில் உடம்பு நிமிர்ந்து நிற்கும் என்பதால் அதைத்தான் நான் பெரும்பாலும் சொல்வேன். சதை இறுக்கத்தைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி போடச் சொன்னால், இறுக்கம் தளர்ந்திருப்பது மூன்று நான்கு மாதம்தான், அந்த நாட்களில் பயிற்சியை விடக்கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்று: இடுப்பு எக்ஸ்ரே எடுத்தார்களா? சி.பி. குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகும். ஆரம்பத்தில் வலியே இருக்காது, படத்தில்தான் தெரியும்.

சென்னை தம்பி:
அக்கா, எனக்கு 29 வயது, எனக்கும் டைப்ளீஜியா. வீட்டுக்குள் ஊன்றுகோல், வெளியே சக்கர நாற்காலி. பள்ளியில் நடந்தே ஆகவேண்டும் என்று என்னை நடக்கவைத்தார்கள், வகுப்புக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே களைத்துப்போவேன், முதல் பீரியடில் டீச்சர் சொன்னது எதுவும் மண்டையில் ஏறாது. 14 வயதில் நாற்காலி வந்த பிறகுதான் இடைவேளையில் பையன்களோடு மைதானத்துக்குப் போனேன். நடக்கப் பழக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவன் நடக்கிற வரைக்கும் விளையாட்டைத் தள்ளிப்போடாதீர்கள், வாக்கரோ வண்டியோ எதில் போனாலும் மற்ற பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு இப்போதே போகட்டும்.

திண்டுக்கல் அம்மா:
எக்ஸ்ரே இதுவரை எடுக்கவே இல்லை, திங்கட்கிழமை போய்க் கேட்கிறேன். இன்று சாயங்காலம் முழங்காலை மடக்கிப் போட்டுப் பார்த்தேன், குதிகால் அடிவரைக்கும் இறங்கியது. அழவில்லை தம்பி, பட்டையை நான்தான் ஒட்டுவேன் என்று அடம்பிடித்தான்.