அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொழும்பும் கண்டியும்: களியக்காவிளையிலிருந்து ஒரு குடும்பப் பயணம்

சென்ற வாரம் இங்கே ஒரு சகோதரி கேட்டிருந்தார்: அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, பிள்ளைகள் சிறியவர்கள், எல்லோரையும் கூட்டிக்கொண்டு முதன்முறை வெளிநாடு போக எந்த ஊர் நல்லது? துபாய், தாய்லாந்து, சிங்கப்பூர் என்று நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். என் பதில் இலங்கை. அதிலும் எல்லா ஊரையும் ஓடி ஓடிப் பார்க்கிற இலங்கை வேண்டாம். கொழும்பு, கண்டி, இடையில் ஒரு ரயில், அவ்வளவு போதும்.

எங்களுக்குக் களியக்காவிளை பக்கம். துணிமணி எடுக்க மார்த்தாண்டம், ஆஸ்பத்திரி என்றால் திருவனந்தபுரம், சொந்தபந்தம் கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குடும்பத்தோடு எங்காவது போய்வருவது அப்பா இருந்த காலத்திலிருந்தே வழக்கம். திற்பரப்பு அருவிக்குப் போவோம். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போவோம். 1966இல் கட்டியது, பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரம், பிள்ளைகளுக்கு அதில் நடந்துபோவது அலுப்பதே இல்லை. தமிழ்நாட்டில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிற பத்மநாபபுரம் அரண்மனையும் உண்டு (திங்கட்கிழமை போகாதீர்கள், பூட்டியிருக்கும்). நெய்யாறு பக்கம் கோட்டூர் காப்புக்காட்டு யானைகள் சின்னவனுக்கு உயிர்.

எங்கே போனாலும் எங்கள் வீட்டில் முதலில் முடிவாவது சாப்பாடுதான். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. பன்னிரண்டரைக்குள் சோறு வேண்டும், அதுவும் சிவப்பரிசிச் சோறும் மீன்கறியும் இருந்தால்தான் அவருக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். அதனால் மதியம் எங்கே உட்காருவோம் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதைச் சுற்றி மற்ற இடங்களை வைத்துக்கொள்வோம். சாயங்காலம் வரும் வழியில் ஒரு டீக்கடை, சூடாக வாழைக்காப்பமோ ரசவடையோ. இப்படிப் போய்ப் பழகிய குடும்பத்துக்கு வெளிநாட்டுப் பயணமும் இதே மாதிரி அமைந்தால்தான் சரிவரும் என்று நான் முழுதாக நம்பினேன்.

டிக்கெட் போடப் போன இடத்தில் ஒரு திட்டத்தை நீட்டினார்கள். சிகிரியா, நுவரெலியா, பெந்தோட்டைக் கடற்கரை எல்லாம் அதில் இருந்தது. காலை ஆறு மணிக்கு வேனில் ஏறினால் இரவுதான் இறங்க வேண்டும். சிகிரியா பாறையில் ஏற ஆயிரத்துக்கு மேல் படி. முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுக்கிற ஒருவரை வைத்துக்கொண்டு அதெல்லாம் நடக்காது. "இவ்வளவு தூரம் போய்விட்டு இதைப் பார்க்காமல் வரலாமா சார்?" என்று கேட்டார்கள். தாராளமாக வரலாம். அந்தத் திட்டத்தை அங்கேயே வைத்துவிட்டு நாங்களாகவே அறை பார்த்துப் போட்டுக்கொண்டோம்.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் கொழும்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம், நம் நேரமே அங்கும். அம்மாவின் மாத்திரை வேளை மாறாதது எவ்வளவு நிம்மதி என்பது சர்க்கரைக்காரர்களை வீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கிளம்புவதற்கு முன் இணையத்தில் இ.டி.ஏ. என்கிற பயண அனுமதி எடுக்க வேண்டும். அதன் கட்டண விதி அவ்வப்போது மாறுவதால் அவர்களுடைய அரசுத் தளத்தில் மட்டும் பாருங்கள். விமான நிலையம் கட்டுநாயக்கவில், நகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல்.

கொழும்பில் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். வருடம் தவறாமல் உவரி அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவர். செவ்வாய்க்கிழமை அங்கே விசேஷம் என்பதால் அதற்கேற்பவே நாளைப் பார்த்துப் போயிருந்தோம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் அன்று குண்டு வெடித்த கோயில்களில் அதுவும் ஒன்று. வாசலில் பையைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். நல்ல கூட்டம். எங்கள் முன்னால் நின்ற ஒரு சிங்களக் குடும்பத்துப் பெரியவர், அம்மா குச்சியை ஊன்றி நிற்பதைப் பார்த்து, பாஷை தெரியாததால் கையைக் காட்டியே முன்னால் போகச் சொன்னார். சொரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் பேச ஆரம்பித்தார். கொழும்பிலேயே கொட்டாஞ்சேனைக்காரராம். அந்த ஈஸ்டருக்கு உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தாராம், அடுத்த வீட்டுக்காரர் போனவர் திரும்பவில்லையாம். அம்மா அவருடைய பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்றைக்கும் இரவுச் செபத்தில் அந்தப் பெயர் வருகிறது.

அடுத்து ரயில். கொழும்பு கோட்டையிலிருந்து கண்டி வழியாகப் பதுளைக்குப் போகிற வண்டி. கண்டிக்கு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் மெதுவாகத்தான் ஏறும், ஜன்னலை விட்டுப் பிள்ளைகள் நகரமாட்டார்கள். 1867இலேயே கண்டிக்கு ரயில் வந்துவிட்டது. வழியில் வடைக்காரர்கள் ஏறுவார்கள். பருப்பு வடை, இறால் வடை, மேலே எண்ணெயில் பொரித்த காய்ந்த மிளகாய். பொட்டலம் கட்டியிருந்தது பழைய பள்ளிக்கூட நோட்டுத் தாளில். என் மகள் வடையை அண்ணனிடம் கொடுத்துவிட்டு அந்தத் தாளை விரித்துப் படித்துக்கொண்டிருந்தாள். வகுத்தல் கணக்கு, ஓரத்தில் சிவப்பு மையில் டீச்சர் போட்ட சரி. ஒரு கணக்கில் மீதி தவறு, டீச்சர் கவனிக்கவில்லை என்று கண்டுபிடித்து எல்லோருக்கும் காட்டினாள்.

எதிர் இருக்கையில் ஹட்டனுக்குப் போகிற ஓர் அம்மா. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். "நீங்க இந்தியாவில எந்தப் பக்கம்?" என்றார். களியக்காவிளை என்றால் எங்கே தெரியப்போகிறது, கன்னியாகுமரி என்றோம். அவருடைய பாட்டனார் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர், ஊர்ப் பெயர் வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. மலையகத் தமிழர்கள் அங்கே போய் 200 வருடம் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தார்கள் என்று படித்திருக்கிறேன். நேரில் ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது அது வேறு. கண்டியில் இறங்கும்போது அம்மா தன் பையிலிருந்த நேந்திரங்காய் வற்றல் பாக்கெட்டை முழுதாக அவரிடம் கொடுத்துவிட்டார்.

சாப்பாட்டைப் பற்றி நான் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரியவர்களோடு போகும்போது எல்லாமே அங்கேதான் நிற்கும். கண்டியில் நாங்கள் தங்கிய இடத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு தமிழ்க் குடும்பம் நடத்தும் சிறிய சாப்பாட்டுக் கடை. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல், ஒரு கீரை, மீன். மீன் என்றால் நம்மைப் போலத் தேங்காய் அரைத்த குழம்பு இல்லை. சூரை மீனைத் துண்டு போட்டு, மிளகும் புளியும் பூசி, சட்டியில் வற்றவிட்டது. கறுப்பாக, வறண்டு இருந்தது. பிள்ளைகள் தொடவே இல்லை. அம்மா ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தார். அப்புறம் தட்டின் ஓரத்தில் ஒதுங்கியிருந்த கறுப்புத் துண்டு ஒன்றை எடுத்து மோந்து பார்த்து, "ஏ மக்ளே, இது நம்ம கொடம்புளில்லா!" என்றார். கடைக்கார அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அது கொறுக்காய் அம்மா" என்றார். நாம் மீன்கறிக்குப் போடுகிற கொடம்புளியேதான். அவ்வளவுதான், அம்மா எழுந்து அடுப்பங்கரைக்கே போய்விட்டார். அடுப்பு வாசலில் இரண்டு பேரும் மண்சட்டியைப் பற்றியும் புளியை எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஊர் திரும்பும்வரை மதியச் சாப்பாடு அங்கேதான். ஒருநாள் சாயங்காலம் அவித்த மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) இடித்த மிளகாய்ச் சம்பலும் காசு வாங்காமல் கொடுத்துவிட்டார்கள்.

பிள்ளைகளுக்கு வேறு உலகம். இரவில் கொத்து ரொட்டி போடுகிற சத்தம் கேட்டாலே ஓடுவார்கள். காரம் குறைத்துப் போடச் சொல்லுங்கள், கடைக்காரர்கள் கை தாராளம். எருமைத் தயிரில் கித்துள் பாணி (கித்துள் பனையின் பாகு) ஊற்றிச் சாப்பிடுவது அருமை, சர்க்கரைக்காரர்கள் தள்ளியே நில்லுங்கள். காலையில் இடியாப்பமும் சொதியும். நெல்லைக்காரர்களுக்குச் சொதியைச் சொல்லித்தர வேண்டாம்.

கண்டியில் புத்தரின் பல்லை வைத்திருக்கிற தலதா மாளிகைக்கு நானும் பிள்ளைகளும் போனோம். தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். அம்மா என் மனைவியோடு ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டார். 1807இல் அந்த ஏரியை வெட்டியவர் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர். ஆங்கிலேயர் அவரைப் பிடித்து வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள், 1832இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் இருக்கிற முத்துமண்டபம் அவருடைய சமாதிதான். நம் பக்கத்தில் வைத்தியத்துக்கு வேலூர் போகாத குடும்பம் குறைவு. அடுத்த முறை போகும்போது ஒரு நடை அங்கே போய் நின்று வாருங்கள்.

பேராதனைத் தாவரவியல் பூங்கா 147 ஏக்கர். நிழல், பெஞ்சு, சமதரை, சுத்தமான கழிப்பறை. பெரியவர்களுக்கு இதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை. பாதி நாளை அப்படியே அங்கே விட்டுவிடுங்கள். பின்னவலை யானைகள் காப்பகத்தை விட்டுவிட்டோம், கோட்டூர் யானைகள் நமக்குப் போதும். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், பல இடங்களில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், இந்தியா உட்பட்ட சார்க் (தெற்காசிய) நாட்டுக்காரர்களுக்குக் குறைவு. ஆட்டோவுக்குப் பிக்மீ செயலி நல்லது, பேரம் பேசுகிற வேலை இல்லை.

சகோதரிக்கு இன்னொன்று: அறை எடுக்கும்போது லிஃப்ட் இருக்கிறதா, எத்தனை படி என்பதைத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள். கண்டி மேடும் பள்ளமுமான ஊர். படத்தில் அழகாகத் தெரிகிற விடுதிகள் பல மலைச்சரிவில் இருக்கின்றன.

அம்மா இப்போது யாழ்ப்பாணம் என்று ஆரம்பித்திருக்கிறார். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பலில் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு யாராவது போயிருக்கிறீர்களா? ஏறும் படி எப்படி, கழிப்பறை எப்படி, வாந்தி தலைசுற்றல் எவ்வளவு தூரம் என்று போனவர்கள் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.