தரங்கம்பாடி, தஞ்சாவூர் பழைய ஆலயங்களில் எதை நின்று பார்ப்பது?

கேள்வி:
வணக்கம். தை மாதத்தில் பெற்றோருடன் தரங்கம்பாடிக்கும் தஞ்சாவூருக்கும் இரண்டு நாள் பயணமாகச் செல்லவிருக்கிறேன். டேனியக் கோட்டையையும் பெரிய கோயிலையும் எப்படியும் பார்த்துவிடுவோம். ஆனால் அங்குள்ள பழைய தேவாலயங்களுக்குச் சென்றவர்கள் பலரும் வாசலில் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பியதாகவே சொல்கிறார்கள். உள்ளே நிதானமாகப் பார்க்க வேண்டியவை எவை என்று அறிந்தவர்கள் சொல்லி உதவுங்கள்.

மறுமொழி 1:
தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில், உள்ளே நுழையுமுன், அண்ணாந்து பாருங்கள். மகுடத்தின் கீழே டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் பெயரெழுத்துச் சின்னமும் 1718 என்ற ஆண்டும் இருக்கும். 1706-இல் இந்தக் கரையில் இறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு கட்டிய ஆலயம் இது. அதைப் பிரதிஷ்டை செய்து சில மாதங்களிலேயே, 1719 பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில் அவர் இறந்துபோனார். உள்ளேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். அந்தக் கல்லறையருகே நிற்கும்போது, தமிழ் அச்சுக்காக உழைத்த ஒருவர் இவ்வளவு குறைந்த காலமே வாழ்ந்தார் என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு முறையும் மனத்தைப் பிசைகிறது. அதே தெருவில், 1701-இல் டேனியர் தங்களுக்காகக் கட்டிய சீயோன் ஆலயத்தையும் பார்த்துவிடுங்கள்.

மறுமொழி 2:
தஞ்சாவூரில், சிவகங்கைப் பூங்காவை ஒட்டியுள்ள சுவார்ட்சு ஆலயத்தைத் தவறவிடாதீர்கள். பெரிய கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். அங்குள்ள வெண்பளிங்குப் புடைப்புச் சிற்பம் இங்கிலாந்துச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் வடித்தது. மரணப்படுக்கையில் இருக்கும் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்சு ஐயரின் கையைத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி பற்றியிருக்க, பள்ளிப் பிள்ளைகள் படுக்கையருகே நிற்கிறார்கள். இளவயதில் தன்னைக் காத்துக் கல்வி புகட்டியவருக்காகச் சரபோஜியே செய்வித்தது இது. ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும்: ஆலயத்தையே சரபோஜி கட்டியதாகப் பலர் எழுதுகிறார்கள். ஆலயம் எழுந்தது 1779-இல். அவர் அரியணை ஏறியதோ 1798-இல், சுவார்ட்சு ஐயர் மறைந்த அதே ஆண்டில். மன்னர் தந்தது சிற்பத்தைத்தான்.

மறுமொழி 3:
மேலே சொன்னவற்றோடு நடைமுறை சார்ந்த ஒன்று. பழைய ஆலயங்கள் வார நாட்களில் பெரும்பாலும் பூட்டியே இருக்கும். அக்கம்பக்கத்தில் விசாரித்து, ஆலயத்தைப் பராமரிக்கும் கோயிற்பிள்ளையைக் கண்டு பணிவாகக் கேட்டால் திறந்து காட்டுவார்கள். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் சுற்றிப் பார்க்கப் போக வேண்டாம். தேய்ந்த கல்லெழுத்துகளைத் தொட்டுத் தடவாமல், கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்துகிடக்கும் எழுத்துகளும் நிழல் விழுந்து புலப்படும்.

கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. தரங்கம்பாடிக்கு அரை நாள்தான் ஒதுக்கியிருந்தேன். இப்போது முதல் நாள் முழுவதையும் அங்கேயே வைத்துக்கொள்கிறேன். அப்பா அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர். சீகன்பால்கின் கல்லறையை முதலில் அவருக்குத்தான் காட்ட வேண்டும்.